ப்ராக் ராக்கில் புல்லாங்குழல்: இயன் ஆண்டர்சனை ஒதுக்கி வைத்துவிட்டுப் பேச முடியுமா?

கருங்குயில்:

ப்ராக் ராக் (நீண்ட, சிக்கலான அமைப்புள்ள ராக் வகை), புல்லாங்குழல் என்ற இரண்டு சொல்லும் சேர்ந்து வந்தால் போதும், எந்த இழையும் ஜெத்ரோ டல் குழுவின் இயன் ஆண்டர்சனிடம் போய் முடிந்துவிடுகிறது. அவர் ஒற்றைக் காலில் நின்று வாசித்தார், சரி. அதற்காக நாமும் அவர் ஒருவர்தான் என்று ஒற்றைக் காலில் நிற்க வேண்டுமா? இந்த இழையில் அவரைச் சற்று ஓரமாக உட்கார வைத்துவிட்டு மற்றவர்களைப் பார்ப்போம்.

ஒரு சோதனை வைத்துக்கொள்ளலாம். பாட்டிலிருந்து குழலை உருவிவிட்டு, அதே மெட்டை கிதாரிலோ கீபோர்டிலோ வாசித்ததாக நினைத்துப் பாருங்கள். பாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் அங்கே குழல் வெறும் ஜரிகை. பாட்டு கலைந்துபோனால் அது பாவு நூல்.

என் முதல் ஆள் இயன் மெக்டானல்ட். கிங் கிரிம்சனின் முதல் ஆல்பம், 1969 அக்டோபர். முதல் பாட்டு காதைக் கிழித்துவிட்டு ஓய்கிறது. மூச்சு வாங்க நேரம் கொடுக்காமல் 'ஐ டாக் டு தி விண்ட்' குழலோடு ஆரம்பிக்கிறது. மெட்டு மெக்டானல்டுடையது, வரிகள் பீட்டர் சின்ஃபீல்ட். பதின்வயதில் பிரிட்டிஷ் ராணுவ பேண்ட் வாத்தியத்தில் சேர்ந்து பழகியவர் என்பதால் ஊதும்போது அவரிடம் அலட்டலே இருக்காது. சுரம் நேராக வந்து நிற்கும், தேவையில்லாத அதிர்வு கிடையாது. கடைசியில் வரும் நீண்ட சோலோவைக் கிதாரில் நினைத்துப் பாருங்கள், அந்தப் பாட்டு மொத்தமும் வேறு ஏதோ காதல் பாட்டு ஆகிவிடும். அதே ஆல்பத்தில் சாக்ஸும் மெலோட்ரான் என்ற கீபோர்டும் அவரே. அந்த வருடக் கடைசியிலேயே குழுவை விட்டுப் போய்விட்டார், பிறகு ஃபாரினர் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். 2022 பிப்ரவரியில் காலமானார்.

ரிஃப்ராஜா:

உங்க சோதனையிலேயே ஓட்டை இருக்கு பாஸ். நீங்க சொல்ற இடமெல்லாம் அமைதியான இடம். ட்ரம்ஸ் அடங்கணும், கிதார்காரர் வால்யூமைக் குறைக்கணும், அதுக்கு அப்புறம்தான் குழல்காரர் உள்ளே வர்றார். ஒரு லெஸ் பால் கிதாரை மார்ஷல் ஆம்ப்பில் மாட்டி முழுசா திறந்துவிட்டா குழல் எங்கே போகும்? ராக் நடக்கிற இடத்தில் குழல் இல்லை, ராக் ஓய்வெடுக்கிற இடத்தில்தான் இருக்கு. அதைத்தான் நான் ஜரிகைன்னு சொல்வேன்.

ஊதுகுழல்:

ரிஃப்ராஜா சொல்வதில் பாதி சரி. மீதிப் பாதியில்தான் விஷயமே இருக்கிறது.

நான் மூங்கில் குழல் வாசிப்பவன், வெள்ளிக் குழல் கொஞ்சம்தான் தெரியும். ஆனால் காற்று எல்லாவற்றிலும் காற்றுதான். மேலை நாட்டுக் குழலின் கீழ் ஸ்தாயி மத்திய ஸி-யில், அதாவது சுமார் 262 ஹெர்ட்ஸில் தொடங்குகிறது. குழலுக்குச் சத்தம் மிகக் குறைவாக இருக்கும் இடம் அதுதான். டிஸ்டார்ஷன் போட்டு ஒலியைக் கரகரப்பாக்கிய கிதார் முழு உடம்போடு உட்கார்ந்திருப்பதும் அதே இடத்தில். அங்கே போட்டி போட்டால் குழலுக்குத் தோல்விதான்.

தப்பிக்க இரண்டு வழி. ஒன்று, இரண்டாவது மூன்றாவது ஸ்தாயிக்கு ஏறிவிடுவது. அங்கே ஒலி கூராகி கிதாருக்கு மேலே நிற்கும். இரண்டாவது வழி ஒலியை அழுக்காக்குவது. ஊதிக்கொண்டே தொண்டையில் பாட வேண்டும். தொண்டைச் சுரமும் குழல் சுரமும் மோதி ஒரு உறுமல் வரும், கிட்டத்தட்ட டிஸ்டார்ஷன் மாதிரியே. அமெரிக்க ஜாஸ் கலைஞர் ரோலண்ட் கர்க் இதில் மன்னன். 1964-இல் பதிவான அவருடைய 'செரனேட் டு எ குக்கூ'வைத்தான் ஜெத்ரோ டல் 1968-இல் தங்கள் முதல் ஆல்பத்தில் எடுத்து வாசித்தார்கள். நாக்கை உருட்டி 'ர்ர்ர்' என்று ஊதுவது இன்னொன்று. இதெல்லாம் மைக்கை உதட்டுக்குப் பக்கத்தில் வைத்தால்தான் எடுபடும். மூச்சிரைப்பு, எச்சில் சத்தம், துளை மூடும் சாவிகள் தட்டும் சத்தம் எல்லாம் அப்போது தாளம் ஆகிவிடுகிறது.

மூங்கில் குழலில் விரல் நுனியை மெல்ல நகர்த்தி ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கலாம். ஜெர்மானியர் தியோபால்ட் போம் 1847-இல் கொண்டுவந்த சாவி அமைப்பில் துளைக்கு மேல் மூடி வந்துவிட்டதால் அந்த வழுக்கல் சுலபமில்லை, உதட்டால்தான் வளைக்க வேண்டும். அதனால்தானோ என்னவோ ராக் குழல்காரர்கள் எல்லோரும் மூச்சின் பக்கம் போனார்கள். இவர்கள் வாசிப்பில் குழைவைத் தேடாதீர்கள், தாக்குதலைத் தேடுங்கள்.

பழைய தட்டு:

ஊதுகுழல் தம்பி பேசியதில் பாதி யாரைப் பற்றி என்று கவனித்தீர்களா? ஒதுக்கி வைத்த ஆள் பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிட்டார்.

ஆண்டர்சன் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பிறகு ஒதுக்கிக்கொள்ளுங்கள். 1967 வரை கிதார் வாசித்தவர். எரிக் கிளாப்டன் அளவுக்குத் தன்னால் வர முடியாது என்று கணக்குப் போட்டு, கையிலிருந்த ஃபெண்டர் கிதாரைக் கொடுத்துவிட்டு ஒரு மைக்கும் ஒரு குழலும் வாங்கிக்கொண்டார். அடுத்த வருடமே ஆல்பம். 1969-இல் வந்த இரண்டாவது ஆல்பம் 'ஸ்டாண்ட் அப்' இங்கிலாந்தில் முதலிடம். அதில் யோகான் செபாஸ்டியன் பாக் லூட் வாத்தியத்துக்கு எழுதிய பூரே என்ற ஒரு நடன இசையை எடுத்து ஜாஸ் நடையில் ஆட்டிவிட்டிருப்பார். யாரிடமும் பாடம் படிக்கவில்லை. 90களில் மகள் பள்ளியில் குழல் கற்க ஆரம்பித்தபோதுதான் தன் விரல் பிடிகள் பல தவறு என்றே அவருக்குத் தெரிந்தது. நாற்பதைத் தாண்டிய வயதில், உலகம் முழுக்க ரசிகர்கள் இருக்கும்போது, உட்கார்ந்து மறுபடி பழகினார். அந்த மனசுக்காகவே அவரை ஓரமாக உட்கார வைக்க எனக்கு மனம் வராது.

1989 கிராமி விவகாரம் தெரிந்ததுதான். ஹார்ட் ராக், மெட்டல் என்று முதல்முறையாக ஒரு விருது வைத்தார்கள். மெட்டாலிகா குழுவுக்குத்தான் என்று எல்லோரும் காத்திருக்க, டல்லுக்குக் கொடுத்தார்கள். இவர்கள் விழாவுக்கே போகவில்லை. புல்லாங்குழலும் கனத்த உலோக வாத்தியம்தான் என்கிற மாதிரி ஒரு விளம்பரம் போட்டு இசைத்தட்டுக் கம்பெனி அந்தக் கேலியை எதிர்கொண்டது. நல்ல குசும்பு.

கருங்குயில்:

ஐயா, மறுக்கவில்லை. ஆனால் என் சோதனையை அவர் மேலேயே வைத்துப் பார்ப்போமே. டல் என்றதும் ஊருக்குத் தெரிந்த பாட்டு 'அக்வாலங்'. 1971-இல் வந்த அந்தத் தலைப்புப் பாட்டில் குழலே கிடையாது! மார்ட்டின் பாரின் கிதார்தான் எல்லாம். அதே ஆல்பத்தில் 'லோகோமோட்டிவ் பிரெத்' நடுவில் வரும் குழல் சோலோவை எடுத்துவிட்டால் பாட்டுக்கு மூச்சு நின்றுவிடும், ஒப்புக்கொள்கிறேன். ரிஃப்ராஜா, அது அமைதியான இடம் இல்லை, கவனிக்கவும். முழு பேண்டும் ஓடிக்கொண்டிருக்கும்போது மேலே ஏறி உறுமுகிற குழல் அது.

மொன்றியல் வாசி:

வணக்கம். இங்கிலாந்தைத் தாண்டி இன்னும் ஒருத்தரும் கதைக்கேல்லையே எண்டு பாத்தன்.

நான் இருக்கிறது கியூபெக்கில. இஞ்ச 70களில ஆர்மோனியம் எண்டொரு குழு இருந்தது, பாடினது முழுக்கப் பிரெஞ்சில. 1975இல வந்த அவையின்ர இரண்டாவது ஆல்பத்தின்ர பேருக்கு 'ஐந்தாவது பருவம் ஒண்டு எங்களுக்குத் தேவைப்பட்டால்' எண்டு அர்த்தம். அஞ்சு பாட்டு, பருவத்துக்கு ஒண்டு. அந்த ஆல்பத்தில ட்ரம்ஸ்காரரே இல்லை. பியர் டெனியோ எண்டவர் குழல், பிக்கலோ, ரெக்கோடர், கிளாரினெட், சாக்ஸ் எண்டு மாறி மாறி ஊதியிருப்பார். கடைசிப் பாட்டு பதினேழு நிமிசம், வார்த்தையே இல்லாத கதை. ரிஃப்ராஜா அண்ணைக்குப் பதில் இதுதான்: ஆம்ப்பைக் குறைக்க வேண்டிய தேவையே இல்லாமல் ஒரு ப்ராக் ஆல்பம் செய்யலாம், அதில குழல் நடுவில நிக்கலாம். உங்கட சோதனையில இந்த ஆல்பத்தில இருந்து குழலை எடுத்தால் மிச்சம் ஒரு கிதார்ப் பாட்டுக் கச்சேரிதான்.

ரிஃப்ராஜா:

ட்ரம்ஸ் இல்லாத ஆல்பத்தை எனக்குப் பதிலா காட்டறீங்களே அண்ணே, அது என் கட்சிக்குத்தான் சாட்சி 😄

சரி, எல்லோரும் கும்பிடுற பாட்டுக்கே வர்றேன். ஜெனிசிஸ் குழுவோட 'ஃபர்த் ஆஃப் ஃபிஃப்த்', 1973. நடுவில் பீட்டர் கேப்ரியல் குழலில் ஒரு மெட்டு வாசிப்பார். மெலிசா, கொஞ்சம் மூச்சு வாங்கற மாதிரி. பிறகு பியானோ, சிந்தசைசர் எல்லாம் கடந்து ஸ்டீவ் ஹாக்கெட் அதே மெட்டை கிதாரில் எடுப்பார் பாருங்க... ராக் வரலாற்றிலேயே பெரிய சோலோக்களில் ஒண்ணு. கருங்குயில் சோதனையை அந்த பேண்டே செஞ்சு காட்டிட்டாங்க! அதே மெட்டு, முதலில் குழல், பிறகு கிதார். எது ஜெயிச்சதுன்னு உலகத்துக்கே தெரியும்.

கருங்குயில்:

இந்த இழையில் இதுவரை வந்ததிலேயே நல்ல கேள்வி இது. ஆனால் பதில் நீங்கள் நினைக்கிற பக்கம் இல்லை.

அந்தப் பாட்டைக் குழல் பகுதி இல்லாமல், வரிகள் முடிந்ததும் நேராகக் கிதார் சோலோவுக்குத் தாவி ஒருமுறை கேளுங்கள். சோலோ அழகாகத்தான் இருக்கும். ஆனால் நெஞ்சை அடைக்காது. ஏன்? முதலில் அந்த மெட்டை ஒரு தனி ஆள், இழுத்துப் பிடித்த மூச்சோடு, கிட்டத்தட்ட தயங்கித் தயங்கிச் சொல்லிவிட்டார். கேட்டவன் மனதில் அது மறந்தும் மறக்காமல் கிடக்கிறது. நடுவில் பியானோவும் சிந்தும் வேறெங்கோ கூட்டிப் போகின்றன. பிறகு ஹாக்கெட் அதே மெட்டை நீண்ட நீண்ட சுரங்களில், மெலோட்ரான் அலைக்கு மேல் எடுக்கும்போது, புதிதாக ஒன்றைக் கேட்கவில்லை, தெரிந்த ஒன்று பெரிதாகி வருகிறது. கிதாருக்கு அந்த எடையைக் கொடுத்ததே குழல்தான்.

இதைவிட முக்கியம், கேப்ரியல் தேர்ந்த வாசிப்பாளரே இல்லை. தானே பழகிக்கொண்டவர். டெக்னிக்கில் மெக்டானல்டு பக்கத்தில்கூட வர மாட்டார். அந்தப் பதிவில் ஒரு கன்சர்வேட்டரி (இசைக் கல்லூரி) மாணவர் வந்து வட்டமான ஒலியில் வாசித்திருந்தால் பாட்டு கெட்டிருக்கும் என்பது என் கட்சி. 'தி மியூசிக்கல் பாக்ஸ்' பாட்டின் மெல்லிய பகுதிகளிலும் இதே பலவீனமான குழல்தான் பேய்க் கதைக்குப் பொருந்துகிறது. (கேட் ஸ்டீவன்ஸின் 1970 ஆல்பத்தில் 'காட்மண்டு' பாட்டுக்குக் குழல் வாசித்தது இதே கேப்ரியல்தான். அப்போது அவருக்கு வயது இருபது.)

ஊதுகுழல்:

டெக்னிக் தேவையில்லை என்று போய்விடாதீர்கள், எனக்கு வயிறு எரிகிறது. தேவைப்படுகிற இடமும் உண்டு: தைஸ் வான் லீர்.

நெதர்லாந்தின் ஃபோகஸ் குழு. அப்பா கிளாசிக்கல் குழல் கலைஞர், மகனும் கன்சர்வேட்டரியில் படித்தவர். 'ஹோகஸ் போகஸ்', 1971. யான் ஆக்கர்மானின் கிதார் ரிஃப் ஒரு பல்லவி மாதிரி திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொரு திருப்பத்துக்கும் நடுவில் ஒரு கூத்து: குரலை உடைத்து உடைத்துப் பாடும் யோடல், அக்கார்டியன், விசில், குழல். அதில் குழல் வரும் இடத்தைக் கேளுங்கள். தொண்டையும் குழலும் சேர்ந்து வரும் அதே உறுமல்தான், ஆனால் ஒவ்வொரு சுரமும் வெட்டினாற்போல் சுத்தம். படித்தவர் வேண்டுமென்றே அழுக்காக்குவதும் படிக்காதவர் அழுக்காவதும் வேறு வேறு. 1973-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் இதை ஏறத்தாழ தலைதெறிக்கிற வேகத்தில் வாசித்தார்கள், அந்த வீடியோவைப் பார்த்தால் ரிஃப்ராஜாவே கைதட்டுவார். ஆர்கன் முன்னால் உட்கார்ந்து, யோடலும் பாடி, குழலும் எடுத்து, எதிலும் ஒரு அட்சரம் பிசகாமல்.

அதே மனிதர் 1972-இல் 'இன்ட்ரோஸ்பெக்‌ஷன்' என்று ஆர்கெஸ்ட்ராவோடு ஒரு ஆல்பம் போட்டார். ராக் வாசனையே இல்லாத, பால் மாதிரி வெண்மையான ஒலி. இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள்.

டேப்லூப்:

யாராவது சொல்வார்கள் என்று காத்திருந்தேன். நீங்கள் குழல் என்று நினைத்துக் கேட்பதில் பாதி குழலே இல்லை. மெலோட்ரான்!

60களின் தொடக்கத்தில் பர்மிங்ஹாமில் ஸ்ட்ரீட்லி எலெக்ட்ரானிக்ஸ் தயாரித்த கீபோர்ட். ஒவ்வொரு கட்டைக்குக் கீழும் ஒரு நாடாத் துண்டு, அதில் நிஜமான ஒருவர் ஊதிய ஒரு சுரம். கட்டையை அழுத்தினால் சுமார் எட்டு நொடி ஓடும், பிறகு நாடா தீர்ந்துவிடும். விரலை எடுத்தால் சுருள்வில் இழுத்துப் பழைய இடத்துக்குக் கொண்டுபோகும். பீட்டில்ஸின் 'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்' தொடக்கம் இதுதான். டேஞ்சரின் ட்ரீம் 'ஃபீட்ரா'வில் மிதக்கும் குழலும் இதுதான்.

அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். மூச்சு எடுக்கிற இடமே இல்லாமல் மூன்று சுரம் ஒரே நேரத்தில் கேட்டால் சந்தேகப்படுங்கள். நாடா லேசாக நடுங்குவதும் கேட்கும். மூடி ப்ளூஸ் வேடிக்கையான குழு: மைக் பிண்டர் ஸ்ட்ரீட்லியில் வேலை பார்த்தவர், மெலோட்ரான் அவர் கையில். பக்கத்திலேயே ரே தாமஸ் நிஜக் குழலோடு நிற்பார். 'நைட்ஸ் இன் வைட் சாட்டின்' நடுவில் வரும் குழல் சோலோ தாமஸ் ஊதியது. 1967-இல் வந்து, 1972-இல் மறுபடி வெளியாகி அமெரிக்காவில் இரண்டாமிடம் வரை போன பாட்டு. குழலை முக்கியக் குரலாக வைத்து அவ்வளவு பேரிடம் போன ராக் பாட்டு அதற்கு முன் எனக்குத் தோன்றவில்லை.

இன்னொன்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். ஜெர்மனியின் மின்னிசைக் குழு க்ராஃப்ட்வெர்க்! 1970-இல் அவர்களின் முதல் ஆல்பம் தொடங்குவதே 'ருக்ட்ஸூக்' பாட்டின் குழல் ரிஃப்போடு. வாசித்தவர் ஃப்ளோரியன் ஷ்னைடர். எக்கோ போட்டு, ஒரே துண்டைத் துடிப்பு மாதிரி திருப்பித் திருப்பி. ரிஃப்ராஜா, அது ஜரிகையா? அந்தப் பாட்டில் கிதார் வேலையையே குழல்தான் செய்கிறது. 1974 'ஆட்டோபான்' நடுவிலும் அவர் குழல் இருக்கிறது, பிறகு இயந்திரங்கள் வந்து அதை முழுதாக விழுங்கிவிட்டன.

பழைய தட்டு:

டேப்லூப் சொன்னதோடு ஒன்று சேர்க்கலாம். 70-களில் ஒவ்வொரு ஊரிலும் குழல் வந்து சேர்ந்த வழி வேறு. இத்தாலியில் பிஎஃப்எம், முழுப் பெயர் பிரேமியாட்டா ஃபோர்னேரியா மார்கோனி. மௌரோ பகானி ஒரே ஆல்பத்தில் வயலினும் குழலும் வாசிப்பார். 1972-இல் மட்டும் இரண்டு ஆல்பம். அதில் 'அப்பேனா உன் போ' தொடக்கத்தில் நைலான் கம்பிக் கிதாரோடு வரும் குழல் ஏதோ பழைய அரண்மனை விருந்து மாதிரி. அடுத்த வருடம் அவர்களுக்கு ஆங்கில வரிகள் எழுதிக் கொடுத்தது அதே கிரிம்சன் சின்ஃபீல்ட்.

இங்கிலாந்தின் கான்டர்பரி பக்கம் ஜிம்மி ஹேஸ்டிங்ஸ். எந்தக் குழுவிலும் நிரந்தர உறுப்பினர் இல்லை. கேரவன் குழுவில் அவர் தம்பி பை ஹேஸ்டிங்ஸ் இருந்தார், அதனால் அங்கே வந்தார். சாஃப்ட் மெஷின், ஹாட்ஃபீல்ட் அண்ட் தி நார்த் என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய் ஊதிக் கொடுத்தார். பெயர் தெரியாமலேயே நீங்கள் இவரைப் பல முறை கேட்டிருப்பீர்கள்.

டிடியே மலெர்ப், காங் குழு. இவர் 60-களின் தொடக்கத்தில் இந்தியா வந்து மூங்கில் குழலைக் கண்டுகொண்டு போனவர். ஊதுகுழல் தம்பி முதலில் இவரைக் கேட்கட்டும்.

புதுசு:

இவ்வளவு பேர் இருக்காங்கன்னு தெரியாது. 80க்கு அப்புறம் யாராவது உண்டா? இல்ல எல்லாமே அப்பா காலத்து ஆட்கள்தானா? அப்புறம், ஒரு டிவி நிகழ்ச்சியில் கேட்ட 'ஹவுஸ் ஆஃப் தி கிங்' ஜெத்ரோ டல் எந்த ஆல்பத்தில் இருக்கு? தேடிக் கிடைக்கல.

டேப்லூப்:

உண்டு உண்டு. ஹங்கேரியின் சோலாரிஸ், 1984, செவ்வாய்க் கிரகக் கதைகளை வைத்து ஒரு ஆல்பம். அட்டிலா கொல்லார் குழல் அதில் சிந்தசைசரோடு நேருக்கு நேர் ஓடும். ஸ்வீடனில் ஆங்லாகோர்ட், 1992 'ஹைப்ரிஸ்', குழல் அன்னா ஹோம்கிரென். இந்த வரிசையிலேயே குளிர் அதிகமாக அடிக்கும் குழல் இவருடையது. 2013-இல் ஸ்டீவன் வில்சன் ஆல்பத்தில் 'லூமினால்' பாட்டுக்குத் தியோ ட்ராவிஸ். ரிஃப்ராஜா அவசியம் கேட்க வேண்டியது இது, ட்ரம்ஸும் பேஸும் பேயாட்டம் ஆடும்போது குழல் வருகிறது.

ஊதுகுழல்:

'ஹவுஸ் ஆஃப் தி கிங்' டல் ஆல்பம் எதிலும் கிடைக்காது. அது ஃபோகஸ். எழுதியவர் கிதார்காரர் ஆக்கர்மான், ஊதியவர் வான் லீர். குழல் கேட்டாலே டல் என்று நினைப்பதால் அந்தப் பாட்டு ஐம்பது வருடமாக வேறு வீட்டு விலாசத்தில் திரிகிறது. கருங்குயில் இந்த இழையை ஏன் தொடங்கினார் என்று இப்போது புரிகிறதா?

ரிஃப்ராஜா:

'லூமினால்' கேட்டேன். 'ருக்ட்ஸூக்' கேட்டேன். க்ராஃப்ட்வெர்க்குக்கு மட்டும் பாவு நூல் பட்டம் கொடுக்கிறேன், மற்றதுக்கு இன்னும் யோசிக்கணும். கேமல் குழு பேரை யாருமே எடுக்கலையே? 'சூப்பர்ட்விஸ்டர்', 1974. குழல் வாசிச்சது யாருன்னு பாருங்க: ஆண்ட்ரூ லாட்டிமர். கிதார்காரர்! அடுத்த வருஷம் 'ஸ்னோ கூஸ்' ஆல்பத்தில் 'ரயாடர்' குழலும் அவரேதான். நல்ல குழல் வேணும்னா நல்ல கிதார்காரரைக் கூப்பிடணும், அவ்வளவுதான் என் தீர்ப்பு.

மொன்றியல் வாசி:

அண்ணை, ஆண்டர்சனும் கிதாரைக் குடுத்துப்போட்டுத்தான் குழலுக்கு வந்தவர். உங்கட தீர்ப்புப்படி பாத்தால் அவரை ஒதுக்கி வைக்கேலாது.

கருங்குயில்:

லாட்டிமருக்குத் தனி இழை தொடங்குகிறேன். அங்கே ஆண்டர்சன் பேரை எடுப்பவர்களுக்கு ஒரு நாள் தடை.